அக்கினி குளித்த கடல்

எங்கள் பக்கத்தில் பக்தி என்றாலே நெருப்புதான். விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் சாட்டிவிட்டால், ஆணும் பெண்ணும் மஞ்சள் துணி உடுத்தி, வேப்பிலையை அடியில் கொடுத்து, கனன்று எரியும் அக்கினிச்சட்டியைக் கையில் ஏந்தி நடப்பார்கள். பிழைப்பும் நெருப்பு. மழை தப்பிய கரிசல் காடு, ஈரம் ஒட்டாத காற்று. அந்த வறட்சியை நம்பித்தான் சிவகாசியிலும் சாத்தூரிலும் தீப்பெட்டி ஆபீசும், பட்டாசு செய்யும் பயர் ஆபீசும் வேர் பிடித்தன. மருந்து அறைக்குள் கால் வைக்குமுன் எங்கள் பெண்கள் ஆத்தாளிடம் நகை நட்டு கேட்பதில்லை. "தாயே, குளுந்து இரு" என்று மட்டும் சொல்வார்கள். ஆயுசு முழுக்கச் சொல்லி வந்த அந்த வேண்டுதலுக்கு ஒரு தீவு ஒரே பகலில் பதில் சொன்னது.

தீபாவளி கழிந்தால் பயர் ஆபீசுகள் சில வாரம் அடைத்துக் கிடக்கும். போனஸ் பணத்தில் கடன் அடைத்தது போக மிஞ்சியதைத் திரட்டித் தெருத் தெருவாக வேன் பிடிப்பார்கள். எங்கள் தெருவுக்கு இந்தத் தடவை இராமேசுவரம். வண்டியில் பாதிப் பேர் திரி வைக்கிறவர்கள், குழாய் உருட்டுகிறவர்கள், மத்தாப்புக் கம்பி முக்குகிறவர்கள். நான் காலண்டர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறவள். தீவைப் பொழுதுக்குள் சுற்றிக் காட்ட அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு கைடைப் பேசி வைத்திருந்தோம்.

நடுச்சாமத்தில் கிளம்பினோம். அருப்புக்கோட்டை தாண்டித் திருச்சுழி. 1879-இல் ரமணர் பிறந்த ஊர். கோயில் இருக்கும் திசையைப் பார்த்து இருட்டிலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நரிக்குடி, பார்த்திபனூர், பரமக்குடி, இராமநாதபுரம் என்று ஊர்கள் பின்னால் போகப் போக, சன்னல் காற்றில் உப்பு ஏறியது. மண்டபம் கடந்து, 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் வேன் ஏறியதும் பெண்கள் எழுந்து நின்று குலவை போட்டார்கள். 1914-இல் வந்த ரயில் பாலத்துக்கு வயதாகிவிட, 2025 ஏப்ரல் 6, இராமநவமி அன்று திறந்த புதுப் பாலம் பக்கத்தில் நீண்டு கிடந்தது. அதற்கும் சேர்த்து இன்னொரு குலவை. இரண்டு பக்கமும் கறுத்த தண்ணீர். இத்தனை தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்தறியாத சின்னப் பிள்ளைகள் வாயடைத்து உட்கார்ந்திருந்தன.

கைடு பெரியவர் கோயில் வாசலில் காத்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, வெயிலில் முறுகிய உடம்பு. எங்கள் ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் அவர் அண்ணாச்சியாகிவிட்டார். "ஆத்தா, சங்கு மாதிரி கெடக்குற தீவு இது. இன்னைக்குப் பொழுதுக்கும் கேள்வி கேக்காதீக. எறங்குங்கன்னா எறங்குங்க, முங்குங்கன்னா முங்குங்க. மத்ததை அவரு பாத்துக்குவாரு" என்று கோபுரத்தைக் காட்டினார்.

காலை 5 மணிக்கு ஸ்படிக லிங்க தரிசனம். திரை விலகியதும் விளக்கொளி லிங்கத்துக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. மேலே பால் வழிந்தபோது அந்த வெளிச்சமே பாலாகி இறங்கியது. எங்கள் சனம் வெளிச்சத்துக்குப் புதிது இல்லை. பச்சையும் சிவப்புமாக வானத்தில் பூக்கும் வெளிச்சமெல்லாம் எங்கள் கைவேலை. ஆனால் அவை பிறக்கும்போதே வெடித்துச் சிதறும். அரை நிமிசம் தங்காது. இது சிதறாமல், சுடாமல், கண்ணைக் கூச வைக்காமல் அப்படியே நின்றது. "சாமி, நீ சுடாமலும் எரிவியா!" என்று யாரோ வாய்விட்டே கத்தினார்கள். ஒருவேளை நான்தான்.

அங்கிருந்து கிழக்கே அக்கினி தீர்த்தம். தீர்த்தம் என்றால் குளமோ கிணறோ இல்லை, கடலேதான். சூரியன் அப்போதுதான் தண்ணீரை விட்டு எழுந்திருந்தது. அண்ணாச்சி கரையில் நின்று கதை சொன்னார். இலங்கையில் சீதை தீப்புகுந்தாள் அல்லவா? அவளைச் சுடப் போன அக்கினி, அவள் கற்பின் வெம்மையில் தானே வெந்துபோனான். "நெருப்புக்கே சூடு தாங்கல ஆத்தா! பதறி ஓடியாந்து இங்கனதான் முங்குனான். முங்குனப்புறந்தான் ஆறுச்சு."

வேறு ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போவார்கள். எங்கள் கூட்டம் அசையவில்லை. சுடுவது என்றால் என்ன என்று தெரிந்தவர்களிடம் அவர் அந்தக் கதையைச் சொல்லிவிட்டார்.

என் மதினியின் வலது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி இழுத்திருக்கும். பல வருசத்துக்கு முன் ஒரு மத்தியானம் மருந்து பொறிந்ததில் வந்த தழும்பு. விசேஷ வீடுகளில் முந்தானையை இழுத்து அதை மூடிக்கொள்வாள். நகக்கண்ணில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம். எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அன்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். அந்தக் கையை மட்டும் முதலில் தண்ணீருக்குள் விட்டாள். "நீயும் சுட்டுக்கிட்டியாப்பா?" என்று அலையைப் பார்த்துக் கேட்டாள். அக்கினியைத்தான் கேட்டாள்! கும்பிட்டுப் பயந்து வந்த தெய்வத்தை, கூட வேலை பார்க்கிறவனை விசாரிப்பதுபோல் விசாரித்துவிட்டு மளாரென்று முங்கினாள். எழுந்தபோது அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. அதற்குள் நாங்கள் எல்லாரும் தண்ணீருக்குள் இருந்தோம். ஒருவர் கையை ஒருவர் பிடித்து முங்கினோம், எழுந்தோம், மறுபடி முங்கினோம். அப்பனே, உன் கடலில் உப்பு இருந்ததா? எனக்கு இனித்தது!

சொட்டச் சொட்டக் கோயிலுக்குள் ஓடினோம். உள்ளே 22 தீர்த்தங்கள். கடல் கூப்பிடு தூரத்தில் கிடக்க, அத்தனையும் நல்ல தண்ணீர். கிணற்று விளிம்பில் நின்றபடி வாளியை விட்டு ஒரே இழுப்பில் மொண்டு தலையில் கவிழ்க்கிறார்கள். முதலில் மகாலட்சுமி தீர்த்தம். பிறகு சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி. வாளி கவிழும் நொடியில் மூச்சு நின்று திரும்பி வரும். அந்தத் திரும்பி வரும் மூச்சோடு "சிவ சிவா" என்பது தானாக வந்துவிடுகிறது. சேதுமாதவர், கந்தமாதனம், கவாட்சம், கவயம் என்று எண்ணிக்கொண்டே ஓட்டம். பாலம் கட்டிய நளனுக்கு ஒன்று, நீலனுக்கு ஒன்று. அடுத்தது சங்கு தீர்த்தம், அதற்கடுத்தது சக்கர தீர்த்தம் என்று அண்ணாச்சி சொன்னதும் பெண்கள் ஈரச்சேலையோடு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஏத்தா, நாம வருசமெல்லாம் சுத்துற சங்கு சக்கரம் இங்கன தண்ணியால்ல கெடக்கு!"

பிரம்மஹத்தி விமோசனம், சூரியன், சந்திரன், கங்கை, யமுனை, கயை. கங்கை என்ற பேரைக் கேட்டதும் வயதான சித்தி ஒருத்தி வாளிக்குக் கீழே உட்கார்ந்தே விட்டாள். மொண்டு ஊற்றியவர் அவளுக்காக இன்னொரு வாளி இறைத்தார். பிள்ளைக்குத் தாய் தலைக்கு ஊற்றுகிறபோது கண்ணில் படாமல் நெற்றியில் கையை வைத்து மறைப்பாளே, அப்படி ஒரு கை என் நெற்றியில் இருந்ததாகவே பட்டது. கடைசியில் கோடி தீர்த்தம். இராமன் லிங்க அபிசேகத்துக்காக வில் நுனியால் வரவழைத்த தண்ணீர் என்பார்கள். அது விழுந்தபோது எனக்குள் குளிர இடமே மிச்சம் இல்லை. இத்தனை வருசம் உடம்புக்குள் ஒரு பயம் கணகணவென்று இருந்திருக்கிறது. அது அணைந்த பிறகுதான் இருந்ததே தெரிந்தது.

ஈரத் துணியோடு சன்னதிக்குப் போகக்கூடாது. உடை மாற்றி மூன்றாம் பிரகாரத்தில் நடந்தோம். முத்துராமலிங்க சேதுபதி 18-ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்த பிரகாரம், 1,212 தூண்கள். ஒரு முனையில் நின்றால் மறுமுனையில் வருகிறவர் குழந்தை அளவுக்குத் தெரிகிறார்.

சன்னதியில் முதல் பூசை விசுவலிங்கத்துக்கு. அது அனுமன் கொண்டு வந்தது. முகூர்த்தம் நெருங்கியும் அவன் வந்து சேராததால், சீதை கடற்கரை மணலைக் கையால் கூட்டி லிங்கம் பிடித்தாள், இராமன் பூசித்தான். அதுதான் இராமலிங்கம். பிந்தி வந்த அனுமன் மனம் நோகக்கூடாதென்று அவன் லிங்கத்துக்கு முதல் மரியாதையை இராமனே கொடுத்தான். பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். அப்பரும் சம்பந்தரும் பாடிய தலம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பெருமை எதுவும் தோன்றவில்லை. கையால் பிடித்த சாமி, நேரம் தவறிவிடக் கூடாதே என்ற அவசரத்தில் பிடித்த சாமி என்பதுதான் நெஞ்சை அடைத்தது. கெடுவுக்குள் சரக்கு முடிக்க விடிய விடிய உருட்டும் விரல்களுக்கு அந்த அவசரம் தெரியும். எங்கள் கைகளுக்குச் சொந்தக்காரர் உள்ளே உட்கார்ந்திருந்தார்! தீபம் காட்டினார்கள். "இராமநாதா!" என்ற ஒரே சத்தம். என் கை தலைக்கு மேல் போனது தெரியும். எப்போது இறங்கியது என்று தெரியாது.

சாப்பிட்டுவிட்டு கந்தமாதன பர்வதம் ஏறி இராமர் பாதம் பார்த்தோம். தீவிலேயே உயரமான அந்த இடத்திலிருந்து கோபுரமும் பனங்காடும் கடலும் ஒருசேரத் தெரிந்தன. பிறகு கிழக்கே தனுஷ்கோடிச் சாலை. வழியில் விபீஷணனுக்கு முடிசூட்டிய இடம் என்று சொல்லப்படும் கோதண்டராமர் கோயில். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே போனது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலை அலை வாரிக்கொண்டு போக, அதில் இருந்தவர்கள் நூற்றுக்கும் மேலே மாண்டார்கள். இந்தக் கோயில் நின்றது. ஊர் இருந்த இடத்தில் மாதா கோயிலின் மொட்டைச் சுவரும், ரயில் நிலையத்தின் இடிபாடும் மணலில் நிற்கின்றன.

காலையில் தண்ணீரைக் கொண்டாடிய கூட்டம் அங்கே வாயடைத்துப் போனது. இதே தண்ணீரா? இடிந்த சுவர் எங்களுக்குப் பழக்கமான காட்சி. பெரிய வெடி விபத்து நடந்த இடத்தில் சுவர்கள் இப்படித்தான் நிற்கும்.

அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் குடிசை ஓரம் ஒரு மீனவப் பெண் மணலைத் தோண்டிய ஊற்றிலிருந்து சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அலை அடங்கிய பெண்கடல், அந்தப் பக்கம் அலை புரளும் ஆண்கடல். நடுவில் முழங்கை ஆழத்தில் நல்ல தண்ணீர். எந்த ஊர் என்று கேட்டார்.

"சிவகாசி, மதினி."

"ஆத்தி, நெருப்புல நின்னு பொழைக்கிற ஆளுகளா? பயமா இருக்காதா?"

"கடல்ல போறீகளே, ஒங்களுக்குப் பயமா இருக்காதா?" என்றாள் என் மதினி.

அவர் சிரித்துவிட்டுச் சிரட்டையை நீட்டினார். எது கொல்லுமோ அதையே கும்பிட்டு, அதிலேயே இறங்கி, அதிலிருந்தே பிள்ளைக்குச் சோறு கொண்டு வருகிறவர்கள் அவர்களும் நாங்களும். அந்தத் தண்ணீரை நான் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தேன். கோயில் கணக்கில் வராத தீர்த்தம் அது. இராமநாதன் அங்கேயும் இருந்தான், சிரட்டையில் இருந்தான்! பயத்தை எடுத்துவிட்டான் என்று நினைத்திருந்தவளுக்கு, பயத்தோடு இருப்பவர்களுக்கு நடுவிலேயே அவன் குடியிருக்கிறான் என்று காட்டிவிட்டான். தனுஷ்கோடி மணலில் விழுந்து கும்பிட்டேன். முனையில் இரண்டு கடலும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன.

திரும்பும் வழியில் தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டி தீர்த்தம். கடலுக்குள் இருக்கும் கிணறு. சீதையின் தாகத்துக்காக இராமன் வில் ஊன்றிய இடம் என்பார்கள். சுற்றிலும் உப்பு, உள்ளே இனிப்பு. அண்ணாச்சி அங்கேயே விடைபெற்றார்.

காசிக்குப் போகிறவர்கள் சேது மணலை எடுத்துக் கங்கையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டு வந்து இராமநாதருக்கு அபிசேகம் செய்வது பழைய முறை. அவ்வளவு தூரம் போக எங்களுக்கு வசதி இல்லை. ஆனால் காசி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து கொண்டு வந்த லிங்கத்தைச் சுமந்த பசு எங்கள் ஊரில் நின்றுவிட்டதால் விசுவநாதர் அங்கேயே தங்கினார் என்பது எங்கள் தலக் கதை. ஊர் திரும்பி, கார்த்திகை சோமவாரத்தில், கையோடு கொண்டு வந்த கோடி தீர்த்தத் தண்ணீரை அவர் அபிசேகத்துக்குக் குருக்களிடம் கொடுத்தோம். மறுவாரம் பயர் ஆபீஸ் திறந்தது.

இராமநாதா! மணலாய்ப் பிறந்தும் அலைக்குக் கரையாமல் நிற்கிறவனே! அக்கினியைக் குளிப்பாட்டி அனுப்பியவனே! உன்னைப் பிடித்த கைகளுக்கு நீ பட்ட கடன் ஒன்று இருக்கிறது. திரி வைக்கும் கை, மருந்து அள்ளும் கை, வலை இழுக்கும் கை, ஊற்றுத் தோண்டும் கை அத்தனைக்கும் அதைத் திருப்பிக் கொடு. வட்டியோடு கொடு!