பசியின் நகல்

உணவுமுறை பற்றிய பேச்சு நம்மிடையே ஆரோக்கியம் பற்றிய பேச்சாக ஆரம்பித்து அதிலேயே முடிந்துவிடுகிறது. எத்தனை கிலோ குறைந்தது, சர்க்கரை எவ்வளவு இறங்கியது என்பதற்கு அப்பால் விசாரிக்க ஒன்றுமில்லை என்ற எண்ணம். கீட்டோஜெனிக் உணவுமுறையைப் பொறுத்தவரை இந்த எண்ணம் போதாது என்று எனக்குப் படுகிறது. இது வெறுமனே குறைத்துச் சாப்பிடுவது அல்ல. வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே, பட்டினி கிடப்பதாக உடலை நம்பவைப்பது. நம்பவைப்பது என்ற சொல் வந்தவுடன் ஒழுக்கம் பற்றிய கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது.

நடப்பது இதுதான். மாவுச்சத்து நாளொன்றுக்கு 50 கிராமுக்குக் கீழே, கண்டிப்பானவர்கள் விஷயத்தில் 20 கிராம் அளவில், நிறுத்தப்படுகிறது. ஈரலில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை ஓரிரு நாளில் தீர்ந்துபோகிறது. பிறகு ஈரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களாக்கி ரத்தத்தில் விடுகிறது. சர்க்கரையை மட்டுமே எரித்து இயங்குவதாகக் கருதப்பட்ட மூளை, நீண்ட பட்டினியில் பெரும்பகுதி கீட்டோன்களைக் கொண்டே இயங்குகிறது என்பதை ஓவன், கேஹில் முதலியோர் 1967இல் அமெரிக்காவில் காட்டினார்கள். மனிதன் வாரக்கணக்கில் உண்ணாமல் பிழைத்திருக்க முடிவது இதனால்தான். இது பஞ்சகாலத்துக்கான ஏற்பாடு; பஞ்சங்களில் சாகாமல் தப்பியவர்களின் வழியாக நமக்கு வந்து சேர்ந்திருப்பது. அந்த ஏற்பாட்டை முட்டையும் வெண்ணெயும் இறைச்சியும் நிறைந்த தட்டின் முன் உட்கார்ந்துகொண்டு இயக்கிவிடுகிறோம். பசி இல்லை, பசியின் ரசாயனம் மட்டும் இருக்கிறது. பசியின் நகல் என்று நான் இதைச் சொல்வது ஏளனத்தில் அல்ல.

ஏனென்றால் இந்த முறை பிறந்ததே நகலாகத்தான். பட்டினி போட்டால் வலிப்பு நின்றுவிடுகிறது என்பது வைத்தியர்கள் கண்டிருந்த விஷயம். ஆனால் ஒரு குழந்தையை எத்தனை நாள் பட்டினி போட முடியும்? பட்டினியின் விளைவை உணவின் மூலமே கொண்டுவர முடியாதா என்று மேயோ கிளினிக்கில் 1921இல் ரஸ்ஸல் வைல்டர் யோசித்ததில் கிடைத்ததுதான் இந்த உணவுமுறை. பெயரும் அவர் வைத்ததுதான். 1938இல் ஃபெனிடாயின் என்ற மாத்திரை வலிப்புக்கு வந்ததும் இது ஒதுங்கிப்போயிற்று. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்புள்ள குழந்தைகளுக்காக 1990களில் மீண்டும் எடுக்கப்பட்டது. குழந்தையின் வலிப்பை நிறுத்தும் நகலை எவன் குறைசொல்வான்?

இன்னொரு மரபு உடல் பருமனைச் சேர்ந்தது. லண்டனில் சவ அடக்கத் தொழில் நடத்திய வில்லியம் பான்டிங், ரொட்டியும் சர்க்கரையும் உருளைக்கிழங்கும் விட்டுத் தான் இளைத்த கதையை 1863இல் சிறு பிரசுரமாக வெளியிட்டார். அட்கின்ஸின் புத்தகம் 1972இல் வந்தது. தமிழ்நாட்டில் 2010களின் நடுவில் இது பேலியோ என்ற பெயரில் பரவியது. ஆதிமனிதன் உண்டது இதுதான் என்ற ஒரு புராணமும் கூடவே வந்தது. சிகிச்சையாக இருந்தது கொள்கையாயிற்று. கொள்கை பிறகு ஒரு சமயத்தின் குரலில் பேச ஆரம்பித்தது. அரிசி விஷம் என்பது அந்தக் குரலின் வாசகம்.

இதைச் சேலத்தில் இருந்துகொண்டு கேட்பதற்கும் வேறெங்கோ இருந்து கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அன்றைய சேலம் ஜில்லா தர்மபுரியையும் கிருஷ்ணகிரியையும் உள்ளடக்கியது. அதன் ஜனத்தொகை 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல். 1881இல் சுமார் 16 லட்சம். இடையில் நிகழ்ந்தது 1876-78 பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என்று குறைக்க வைத்தார் இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள். மண் சுமக்கும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். தானியத்தின் அளவோடு பருப்பைப் பற்றியும் பேசினார். சில மாதங்களில் அந்தக் கூலிமுறை கைவிடப்பட்டது. அதற்குள் எத்தனையோ உடல்கள் தம் கொழுப்பை எரித்து, கீட்டோன்களால் மூளையை ஓட்டி, பிறகு தசையையும் எரித்து முடித்துவிட்டன. அதே ரசாயனம். அசல் அது.

இந்த இடத்தில் ஒரு வாதம் வரும். ஏழை பட்டினி கிடக்கும் நாட்டில் வசதியுள்ளவன் பட்டினியை நடித்துப் பார்ப்பது அவனை அவமதிப்பது என்று. கேட்க உருக்கமாக இருக்கும் இந்த வாதம் உருக்கத்துக்கு மேல் எதுவுமில்லை. நான் ஒரு கவளம் சோறு கூடத் தின்பதால் எவனுடைய பசியும் குறைவதில்லை. சர்க்கரை வியாதியும் வசதி பார்த்து வருவதாக இப்போது இல்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. சோற்றைக் குறைக்கச் சொல்லும் வைத்தியர் பலருக்கும் சரியானதைத்தான் சொல்கிறார். மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் சில மாதங்களில் எடையும் சர்க்கரையும் இறங்குவது நிரூபணமான விஷயம். ஓராண்டு போல் ஆகும்போது மற்ற உணவுமுறைகளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது என்பதும், சிலருக்குக் கெட்ட கொழுப்பு ஏறுகிறது என்பதும், இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதில் இறங்குவது ஆபத்து என்பதும் அதே அளவுக்கு நிரூபணமானவைதாம். ஆக, உடலைப் பேணுவது குற்றமல்ல. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது.

ஏற்காட்டில் அது கண்ணுக்கே தெரிகிறது. சேர்வராயன் மலையில் காபி வந்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் கொண்டுவந்தது. தோட்டங்களில் நிழல்மரங்களின்மேல் மிளகு படர்கிறது. பாலும் சர்க்கரையும் இல்லாத காபிக்கும் மிளகுக்கும் கீட்டோ பட்டியலில் இடம் உண்டு. மலைவாசிகளான மலையாளிகள் தலைமுறைகளாகப் பயிரிட்டு உண்ட சாமைக்கும் கேழ்வரகுக்கும் இடமில்லை. பலாப்பழத்துக்கும் இல்லை. நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், சாமையில் சுமார் 65. இருபது கிராம் கணக்குக்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான். துரை கொண்டுவந்தது உள்ளே, மலைக்காரன் விளைவித்தது வெளியே. இதில் சதி ஒன்றும் இல்லை. ரசாயனத்துக்குச் சரித்திரம் தெரியாது. ஆனால் ரசாயனத்தைச் சரித்திரத்தின் மேல் ஒரு தீர்ப்பாக வாசிக்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடன் விண்ணப்பம் ஒன்றின் பேரில் நிலம் பார்க்க மலைக்கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தபோது மதியம் சாப்பிட வைத்தார்கள். அந்த வீட்டு அம்மாள், “சாமைச் சோறெல்லாம் எங்க மாமியாரோட போச்சுங்க சார், உங்களுக்கு அரிசிச் சோறுதான் ஆக்கியிருக்கு” என்றார். இந்த வாக்கியத்தில் இருந்த பெருமிதம் கவனிக்கத்தக்கது. அரிசி அந்த வீட்டில் நேற்றுவரை விசேஷத்தின் பண்டம். ரூபாய்க்கு மூன்று படி என்ற வாக்குறுதி 1967இல் ஒரு ஆட்சியைக் கொண்டுவந்த மாநிலம் இது. 2011இலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். ஒருவேளைச் சோற்றுக்காக யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டியதில்லை என்ற நிலையை அந்த அரிசிதான் தந்தது. அதை விஷம் என்கிற வாய், சத்துக் கணக்கில் சரியாகவே இருந்தாலும், வேறொரு கணக்கில் பொய் சொல்கிறது.

அப்போது நான் இந்த உணவுமுறையில் இருந்தேன். சாப்பிட்டேன். இரக்கத்தால் அல்ல, அந்தச் சோற்றை மறுக்க என்னிடம் இருந்த காரணம் அந்த வீட்டில் சொல்லத்தக்க காரணமாக இல்லை. கீட்டோன் நிலை அன்று மாலைக்குள் கலைந்திருக்கும். இரண்டு மூன்று நாளில் திரும்பியிருக்கும். கலைத்துவிட்டு இஷ்டப்படி மீளலாம் என்பதே நகலின் இலக்கணம். அசல் பட்டினியில் நுழையவும் வெளியேறவும் அதில் இருப்பவனுக்குச் சுதந்திரம் இல்லை.

சுதந்திரம்தான் வித்தியாசம் என்றால், சுதந்திரமாகப் பட்டினியை ஏற்ற துறவிகளின் மரபில் இதைச் சேர்க்கலாமே என்று தோன்றலாம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும் தேர்வுதான். ஆனால் அந்தத் தேர்வுக்குத் திரும்பி வரும் வழி கிடையாது. அவன் இழந்துவிட்ட ஏதோ ஒன்றை அது நோக்கி நின்றது. பிசிராந்தையார் வந்து அவனருகில் உயிர்விட முடிந்ததும் அது இருவருக்கும் பொதுவான ஒன்றாக இருந்ததால். நம்முடைய விரதம் எடை இயந்திரத்தை நோக்கி நிற்கிறது. அதில் இன்னொருவர் வந்து பக்கத்தில் உட்கார இடமில்லை. தாழ்வானது என்று இதைச் சொல்லவில்லை. பேரேட்டைச் சரிபார்ப்பது தாழ்வான காரியமல்ல, என் பிழைப்பே அது. ஆனால் பேரேடு சரியாக இருப்பதைப் புண்ணியம் என்று யாரும் சொல்வதில்லை. உடம்பின் கணக்கு நேராவதை மட்டும் ஒரு ஒழுக்க வெற்றியாகவும், நேராகாதவனை மன உறுதி இல்லாதவனாகவும் பார்க்கும் பார்வை எங்கிருந்து வந்தது?

அந்தப் பார்வை மறைக்கிற விஷயம் எளிமையானது. சோற்றைக் குறைத்தவன் அந்த இடத்தில் வேறொன்றை வைத்தாக வேண்டும். எனக்கு முட்டையும் இறைச்சியும் பாதாமும் இருக்கின்றன. மாதச் சம்பளம் இருக்கிறது. அந்த அம்மாளின் தட்டில் தானியம் நிறைந்திருப்பது அறியாமையால் அல்ல. இருக்கிற காசில் வயிற்றை நிரப்பக்கூடியது தானியம் ஒன்றுதான். இந்தியர்கள் உண்ணும் சக்தியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. இது நாக்கின் பழக்கம் மட்டுமல்ல, விலைவாசியின் வரைபடமும்கூட. தானியத்தோடு பருப்பும் வேண்டும் என்று கார்னிஷ் 1877இல் போட்ட வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. சத்துணவில் கொடுக்கும் முட்டையும் ரேஷனில் மலிவாகக் கிடைக்கும் துவரம்பருப்பும் அந்த வழக்கில் நாம் எழுதியிருக்கும் சில வரிகள்.

ஆகவே கேள்வி நான் சோற்றை விடலாமா என்பதல்ல. விடலாம், தேவையானால் விட்டே ஆகவேண்டும். நான் விட்ட சோற்றுக்குப் பதிலாக என் தட்டுக்கு வந்தது ஏன் எல்லாத் தட்டுக்கும் வரவில்லை என்பதே கேள்வி. நகலில் இருப்பவன் தான் நகலில் இருப்பதை மறக்காத வரையில் அவன்மேல் தவறு காண முடியாது. மறந்தால், தன் மருந்துச் சீட்டையே தத்துவம் என்று ஊருக்கு வாசித்துக் காட்டத் தொடங்கிவிடுகிறான்.