பணி ஓய்வும் இறைபணியும்

திருச்சிற்றம்பலம்



உலகியலில் ஒருவன் முப்பது நாற்பது ஆண்டு ஒரு தொழிலில் நின்று, உரிய அகவை நிரம்பியவழி அதனினின்றும் விடுவிக்கப்படுகின்றான். அதனைப் பணி ஓய்வு என்ப. நம் தமிழ்நாட்டரசினர் தம் ஊழியர்க்கு முன்பு 58 என வரையறுத்திருந்த அவ்வகவையை 2020 ஆம் ஆண்டில் 59 எனவும், 2021 ஆம் ஆண்டில் 60 எனவும் உயர்த்தினர். அகவை எதுவாயினும் ஆகுக. அந்நாள் வந்தே தீரும். அதன் மறுநாட்காலை அவ்வுயிர் எதனைப் பற்றி நிற்றல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அக்காலையில் திகைப்புறுவார் பலர். உபகாரச் சம்பளம் குறைவின்றி வரப்பெற்றும், மக்கள் நன்னிலையில் இருக்கப்பெற்றும், 'இனி நம்மால் யாவர்க்கு யாது பயன்?' என உள்ளம் நைகின்றனர். முதுமையின் இயல்பென்று சொல்லி இதனை விடுத்தல் எளிது. சித்தாந்த நூல் கற்றார் அங்ஙனம் விடுத்தல் தகாது. இதற்குரிய காரணம் நம் நூல்களிலேயே உளதாகலின்.

உயிர், சார்ந்ததன் வண்ணமாந் தன்மையது. ஒன்றனையுஞ் சாராது தனித்து நிற்றல் அதற்கு இயலாது. செம்மலரின் அருகு வைத்த பளிங்கு செந்நிறங் காட்டும். நீலமலரின் அருகு வைத்த பளிங்கு நீலமாய்த் தோன்றும். அங்ஙனமே முப்பதாண்டு ஒரு நாற்காலியைச் சார்ந்திருந்த உயிர் அந்நாற்காலியின் வண்ணமாகிவிடுகின்றது. 'யான் தாசில்தார்', 'யான் தலைமையாசிரியன்' எனத் தன்னையே அதுவாக எண்ணுகின்றது. ஒருநாள் மலரை எடுத்துவிடுகின்றனர். பளிங்கு தன் நிறம் போயிற்றே என்று வருந்துகின்றது. போயது மலரின் நிறமேயன்றித் தன் நிறமன்று என்பதனை அஃது அறிந்திலது. அவ்வறியாமையே மேற்கூறிய திகைப்பிற்கு வேராவது.

இதனை யாம் நூலளவிற் கற்றுப் பிறர்க்குச் சொல்லிவந்தேமேயன்றி, எம்மிடத்தில் வைத்துக் கண்டது ஓய்வுற்ற பின்னரே. தமிழாசிரியராய் 35 ஆண்டு இருந்து விடைபெற்றேம். அந்நாளிற் பொன்னாடையும் புகழுரையும் நிரம்பக் கிடைத்தன. மறுநாட்காலை, இரு தெரு தள்ளியிருந்த பள்ளியின் மணியோசை கேட்டது. எம்மை அறியாமலே எழுந்து, குடையைக் கையிலெடுத்து வாயில்வரை சென்றுவிட்டேம். பின்னர்த் திண்ணையில் அமர்ந்து, அக்குடையை எங்கு வைப்பதென்று அறியாது நெடுநேரம் இருந்தேம்.

சில திங்கள் இங்ஙனங் கழிந்தபின், எம்மூர்த் திருக்கோயிலிற் பூத்தொடுக்குந் தொண்டிற் சேர்ந்தேம். அதனை நடத்திவந்தவர் எம்மிடம் நன்னூல் கற்ற இளைஞர் ஒருவர். யாம் நனைத்த வாழைநாரில் நந்தியாவட்டையைத் தொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் அருகு வந்து, "ஐயா, இக்கட்டு நெகிழ்ந்திருக்கிறது, பெருமான்மேற் சாத்துமுன் உதிர்ந்துவிடும். அவிழ்த்துக் கட்டுங்கள்" என்று பணிவாகவே சொன்னார். எமக்குச் சினம் பொங்கிற்று. எத்துணையோ மாணாக்கர் ஏட்டிற் செம்மையிட்டுத் திருத்திய எம்மால், எம் கட்டு ஒன்றனைப் பிறர் திருத்தப் பொறுத்தல் இயலவில்லை. அப்பொழுதே உண்மை விளங்கிற்று. ஓய்வு எமக்குக் கிடைத்ததேயன்றி எம் ஆணவத்திற்குக் கிடைக்கவில்லை. அது கோயிலினுள்ளும் ஒரு நாற்காலி தேடிக்கொண்டிருந்தது. நாணத்துடன் அவிழ்த்து மீளக் கட்டினேம்.

அன்பர்காள்! இஃது எம் ஒருவர் குறையன்று. உத்தியோகம் ஒழிந்த பலர் மற்றோர் உத்தியோகத்தையே திருத்தொண்டு என்னும் பெயரால் நாடுகின்றனர். சபைத் தலைமையும் முன்வரிசை இருக்கையும் முதன் மரியாதையும் பெறாக்கால் மனங்கசந்து தொண்டினையே விடுகின்றனர். ஒரு மலரை எடுத்து வேறொரு மலரைப் பளிங்கின் அருகு வைத்தல் ஓய்வாகாது.

இனிப் பெரியபுராணத்துள் ஒரு பணி ஓய்வினைக் காண்போம். பரஞ்சோதியார் மாமாத்திரர் மரபினர். ஆயுள்வேதமும் வடநூற்கலையும் படைக்கலப் பயிற்சியும் நிரம்பியவர். பல்லவ மன்னன்பொருட்டு வாதாபியை வென்று பெரும்பொருள் கொணர்ந்தவர். அவ்வெற்றி கி.பி. 642 ஆம் ஆண்டினை ஒட்டியது என்பர் வரலாற்றாசிரியர். மன்னன் அவர்தம் ஆற்றலை வியந்தபோது, அவர் சிவனடியாராகலின் அவர்க்கு எதிராவார் இலர் என அமைச்சர் கூறினர். அதுகேட்ட மன்னன், அடியார் ஒருவரைப் போர்முகத்தில் விடுத்தேனே என நடுங்கிப் பிழைபொறுக்க வேண்டினான். அவரோ, தம் மரபிற்குரிய தொழிலைச் செய்ததில் தீங்கு யாது என விடை கூறினார். மன்னன் பெருநிதியம் அளித்து, சிவத்தொண்டு செய்க என வணங்கி விடுத்தான்.

இவ்வரலாற்றில் உற்றுநோக்கத்தக்கன இரண்டு. ஒன்று, அவர் தாம் செய்த தொழிலை இழித்துரைத்திலர். அதனைத் தம் பெருமையாகவுங் கொண்டிலர். மற்றொன்று, விடைபெற்றுத் திருச்செங்காட்டங்குடி சென்றபின் அவர் எய்திய பெயர். படைத்தலைவராய் இருந்தவர் அடியார்முன் தம்மைச் சிறியராக்கி ஒழுகினமையின் சிறுத்தொண்டர் எனப்பட்டார். ஓய்வுற்றார் முன்னைப் பதவியின் பெயரை வாயிற்பலகையில் எழுதிவைத்தல் இக்காலத்து வழக்கம். அப்பெருமான் வாதாபியைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டிலர், சிறுமையைச் சேர்த்துக்கொண்டார். திருஞானசம்பந்தப் பிள்ளையார் தம் திருப்பதிகத்துள் வைத்துச் சிறப்பித்ததும் அச்சிறுத்தொண்டரையே.

பணி என்னுஞ் சொல் தொழிலையும் உணர்த்தும், தொண்டினையும் உணர்த்தும், பணிதலையும் உணர்த்தும். அரசினர் ஓய்வு தருவது முதற்பொருட்கு மாத்திரமே. ஏனையிரண்டற்கும் ஓய்வு தர வல்லார் ஒருவரும் இலர். சிவஞானபோதம் பத்தாஞ் சூத்திரத்தில் இறைபணி நிற்றலே பாசநீக்கத்திற்கு வாயிலாக ஓதப்பட்டது. இறைபணியாவது யாது? 'யான் செய்தேன்' என்னும் முனைப்பு அற, எல்லாம் அவன் அருளின் வழியே நிகழ்கின்றன எனக் கண்டு நிற்றல். பளிங்கின் அருகிருந்த மலரை எடுத்தது வறிதே விடுதற்கன்று. ஞாயிற்றின் ஒளியில் அதனை நிறுத்துதற்கே. ஆகவே ஓய்வுநாளின் வெறுமையைத் தண்டனையெனக் கொள்ளற்க. பிராரத்தத்தில் ஒரு பகுதி நுகர்ந்து கழிந்தது. சார்பு மாறுதற்குக் காலம் வாய்த்தது என்று கொள்க.

அற்றேல், உடல் தளர்ந்தார்க்கும் பொருளிலார்க்கும் இஃது யாங்ஙனங் கூடுமெனின், கூறுதும். திருநின்றவூர்ப் பூசலார் பொருள் கிடையாமையின் மனத்திலேயே ஆலயம் எடுத்தார். காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் குறித்த நாளிலேயே இவரும் குறித்தமையின், இறைவன் அரசனை வேறுநாட் கொள்ளுமாறு பணித்து, அந்தணரின் மனக்கோயிலுக்கு எழுந்தருளினன். ஆகலின் கையும் காலும் பொருளும் ஒழிந்தவிடத்தும் நினைவு ஒழியாதவரைத் தொண்டு ஒழியாது. கைகால் வழங்குவார்க்கோ நாவரசர் பெருமான் சான்றாவர். 81 ஆண்டு வாழ்ந்தருளினாரென வழங்கும் அவர், திருப்புகலூரில் தம் இறுதிநாட்களிலும் உழவாரத்தைக் கைவிட்டிலர். அதன் முனையிற் பொன்னும் மணியும் வந்தபோதும், பரலோடு ஒப்ப அவற்றை வாவியில் எறிந்து, மீண்டும் புல்லையே செதுக்கினார்.

பிற்காலத்தார் ஒருவரையுங் கூறுதும். திருவாவடுதுறையிற் பயின்ற உ. வே. சாமிநாத ஐயரவர்கள் சென்னை மாநிலக் கல்லூரியினின்றும் 1919 ஆம் ஆண்டில் ஓய்வுற்றார்கள். அவர்கள் ஏட்டினை மூடினாரல்லர். குறுந்தொகைக்குத் தாம் இயற்றிய உரையோடு அந்நூலை வெளிப்படுத்தியது 1937 ஆம் ஆண்டில்; தம் 82 ஆம் அகவையில். சம்பளம் பெற்ற தொழில் நின்றது, தமிழ்ப்பணி நின்றிலது.

இறுதியாக, ஓய்வுற்ற அன்பர்க்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேம். முதலாவது, பணிதலை இல்லத்திலேயே தொடங்குக. அலுவலகத்தில் ஆணையிட்ட பழக்கத்தை அடுக்களையிற் செலுத்தற்க. மனையிலிருந்து உழைக்கும் அம்மையார்க்கு ஓய்வுநாள் குறித்த ஆணையை எவ்வரசும் பிறப்பித்ததில்லை. நாம் ஒரு குடம் நீர் முகந்து வைப்பினும் அது தொண்டேயாம். இரண்டாவது, பிறர் ஏவ நின்று செய்யும் ஒரு சிறு தொண்டினை மேற்கொள்க. திருவலகிடுதலாயினும், ஒரு சிறுவனுக்குத் தேவாரம் ஓதுவித்தலாயினும் அமையும். மூன்றாவது, சிவஞானபோதச் சூத்திரம் பன்னிரண்டு. ஆண்டின் திங்களும் பன்னிரண்டு. திங்கள் ஒன்றற்கு ஒரு சூத்திரமாக ஓதுக. பொருளை ஆசிரியர்பாற் கேட்டுச் சிந்திக்க. முதலாண்டில் விளங்காதது மறுவாண்டில் விளங்கும்.

யாம் இன்றுங் காலையிற் பூத்தொடுத்து வருகின்றேம். பள்ளிமணி இன்றுங் கேட்கின்றது. இப்பொழுது கால் எழுவதில்லை. கட்டு நெகிழ்கின்ற நாளும் உண்டு. அவ்விளைஞர் சொல்லுமுன் யாமே அவரிடங் காட்டி, அவிழ்த்துக் கட்டுகின்றேம். அவ்வளவேனும் கட்டு நெகிழ்த்தருளிய பெருமான் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்