பேணுவதும் வழிபாடே

உடல் இறைவன் நமக்கு அளித்த கருவி. அறம் செய்வதும் அவனை நினைப்பதும் இதைக் கொண்டே. ஆதலால் உடலைப் பேணுவதும் வழிபாட்டின் ஓர் அங்கமாகிறது. குடும்பத்தில் அனைவரையும் பேணும் தாய்மார்களோ தம் உடலை மட்டும் மறந்துவிடுகின்றனர்.

இந்தியப் பெண்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். கிராமங்களைவிட நகரங்களில் இது அதிகம். திருவனந்தபுரத்தில், கரமனை ஆற்றை ஒட்டிய தமிழர் தெருக்களை எண்ணிப் பாருங்கள். ஆற்றுக்கும் கோயிலுக்கும் நடப்பதும், நீர் இறைப்பதும், மாவு அரைப்பதும் முன்பு அன்றாடக் கடமைகள். குழாயும் இயந்திரமும் வந்தபின் அவ்வுழைப்பு நின்றுபோயிற்று. வசதி குற்றமன்று, இழந்த உழைப்பை நாமே உடலுக்குத் திருப்பித் தர வேண்டும். வாரத்திற்கு 150 நிமிடங்களாவது விரைந்து நடப்பது நன்று.

மாதவிடாய் நின்றபின் உடற்கொழுப்பே ஈஸ்ட்ரோஜனைச் சுரந்து மார்பகச் செல்களைத் தூண்டுகிறது. எனவே அளவான உணவு அவசியம். மது சிறிதளவாயினும் ஆபத்தைக் கூட்டும். தாய்ப்பால் சேய்க்கு மட்டுமன்றித் தாய்க்கும் காப்பு. 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் வெளிவந்த முடிவின்படி, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்திற்கும் ஆபத்து சுமார் 4 சதவீதம் குறைகிறது.

ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். இவை ஆபத்தைக் குறைக்கும், அறவே நீக்கா. நியமத்தோடு வாழ்ந்தவருக்கும் இந்நோய் வருவதுண்டு. பாதிக்கப்பட்டவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பெண்ணாய்ப் பிறந்ததும் வயதும் தவிர வேறு காரணம் புலப்படுவதில்லை. ஆகவே, "என்ன பாவம் செய்தாளோ!" என்று எவரும் சொல்லலாகாது. நோயுற்றவளும் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. முயற்சி நம்முடையது, பலன் நம் கையில் இல்லை என்னும் கீதையின் உபதேசம் இங்கும் பொருந்தும்.

முயற்சியின் மற்றொரு பகுதி விழிப்பு. கட்டி, தோலில் குழிவு, காம்பில் இரத்தக் கசிவு ஆகியவை தென்பட்டால் நாணத்தால் மறைக்கலாகாது. 2006-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1,15,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கிற்று. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் கையால் பரிசோதித்த பிரிவில், நோய் ஆரம்ப நிலையிலேயே கூடுதலாகக் கண்டறியப்பட்டது. ஆரம்பத்தில் கண்டால் குணமாகும் வாய்ப்பு மிகுதி. அந்நகரில் மண்டலப் புற்றுநோய் மையம் 1981 முதல் சேவையாற்றி வருகிறது.

தாயே, வீட்டில் விளக்கேற்றுபவள் நீ. அந்த விளக்குக்கு எண்ணெய் வார்க்கும் அதே அக்கறையுடன் உன் உடலையும் கவனி. வீட்டார் கடமை, அதற்கு அவளுக்கு நேரம் தருவது.