கடன்பட்டார்க்கு வழக்குத்துணை

கடன் கொண்டவன் அதனை இறுத்தல் அறம் என்பது எவராலும் மறுக்கப்படாத உண்மை. அங்ஙனமாயின், கடன்பட்டவனுக்குக் கூலி பெறாது துணைநின்று நீதிமன்றத்தில் வாதாடுதல் அறமாமோ என்னும் வினா எழுகின்றது. இளஞ் சட்டத்தரணிகளை இத்தொண்டிலே பழக்குதல், கடனைத் தட்டிக்கழிக்குந் தந்திரத்தை அவர்க்குக் கற்பித்தலாகும் என்பாருமுளர். மாணாக்கரின் பெற்றோர் கடனால் வருந்துதலை நாடோறுங் காணும் உபாத்தியாயர்களாகிய நாமும் இதனை ஆராய்தல் தகும்.

முதற்கண், கடன் யாது, கடனென்னும் பெயராற் கேட்கப்படுவது யாது எனப் பகுத்தறிதல் வேண்டும். வாங்கிய முதலும் இசைந்த முறையான வட்டியுமே கடன். செலுத்தியும் வரவு வைக்கப்படாத தவணைப் பணமும், வாயிலில் நின்று கூறப்படும் இழிசொல்லுங் கடனாகா. வட்டியாக அறவிடப்படுந் தொகை முதலின் மேற்செல்லலாகாது என 1852 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் ஒன்று வரையறுத்தது. கணக்குப் பார்க்க அறியாதவனுக்கு அதனாற் பயன் என்னை?

2009 இல் யுத்தம் முடிந்தபின் வடக்கிலுங் கிழக்கிலும் நுண்கடன் பெருகிற்று. பெண்கள் பலர் ஒரு கடனை இறுக்க மற்றொரு கடன் பெற்றனர். 2018 இல் வறட்சியுற்ற மாவட்டங்களிலுள்ள பெண்களின் சிறுகடன்கள் சிலவற்றை நீக்க அரசாங்கமே முன்வந்தமை அத்துன்பத்தின் அளவைக் காட்டும்.

துன்புறுவோர்க்குச் சட்டத்திலே வழிகள் இல்லாமலில்லை. நிலத்தை ஈடு வைத்தோரும், மீட்டுக்கொள்ளும் நிபந்தனையோடு உறுதி முடித்துக் கொடுத்தோரும், 1941 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தால் அமைந்த கடன் இணக்கச் சபைக்கு விண்ணப்பஞ் செய்யலாம். ஆனால், நிபந்தனை உறுதி கொடுத்தவன் மீட்குந் தவணை கழியுமுன்னரே செல்லல் வேண்டும். 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கடன்கொடுக்கும் நிறுவனங்கள் வழக்கிடின், நீதிமன்றம் முதலில் ஒரு நிபந்தனைத் தீர்ப்பு வழங்கும். குறித்த நாளிலே தோன்றித் தக்க காரணங் காட்டாதவன்மேல் அதுவே முடிந்த தீர்ப்பாகும். கோட்டிலிருந்து வந்த கடிதத்தை அச்சத்தாற் பெட்டியில் வைத்துப் பூட்டியவன் உடைமை இழப்பது இவ்வாறே. அவனுக்கு வேண்டுவது தந்திரமன்று. தக்க காலத்தில் ஒரு சொல். வறியோர்க்கு உதவ 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. ஆயினும், அதன் வாயிலுக்கு வழிகாட்டுவாரும் வேண்டுமன்றோ?

இனி, கடினமான இடமொன்றுண்டு. 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி, பொதுவாக, எழுத்திற் கண்ட கடனுக்கு ஆறு ஆண்டும், எழுத்தில்லாக் கடனுக்கு மூன்று ஆண்டுங் கழியின் வழக்கிடும் உரிமை அற்றுப்போம். அயலவள் ஒருத்தி நம்பிக் கொடுத்த பணத்தை இதுகாட்டி மறுக்கலாமோ? சட்டம் இடந்தரும், அறம் இடந்தராது. இச்சட்டத்தைக் கட்சிக்காரனுக்கு மறைத்தல் சட்டத்தரணிக்குத் தகாது. ஆனால் அதனைச் சொல்லியபின், “நீர் வாங்கியது மெய்யாயின், சிறிது சிறிதாகவேனுங் கொடுத்துத் தீரும்” என்று சொல்லுதலும் அவர் கடமையேயாம். முன்னையது நூலிற் கற்கப்படும். பின்னையது மூத்தோர் பக்கத்திலிருந்தே கற்கப்படும்.

இந்நாட்டிலே சட்டத்தரணியாக விரும்புவோர் ஆறு மாதம் மூத்த சட்டத்தரணி ஒருவரிடந் தொழில் பயிலல் வேண்டுமென விதிக்கப்பட்டுள்ளது. அக்காலத்தில் இளைஞன் பத்திரம் எழுதுதலை மாத்திரமா பயில்வான்? கூலி கொடுக்க மாட்டாத கிழவியின் பற்றுச்சீட்டுக்களை மூத்தவர் ஒவ்வொன்றாக எண்ணுகின்றாரா, அவளைத் திண்ணையிற் காக்க வைக்கின்றாரா என்பதையும் பார்த்துக்கொண்டிருப்பான். பார்த்ததே பின்னர் அவன் வழக்கமாகும்.

உபாத்தியாயர்களே, நாம் செய்யத்தக்கன சிலவுள. வட்டிக் கணக்குப் படிப்பிக்கும்போது, மாணாக்கர் வீட்டிலுள்ள கடன் ஏட்டையும் வாசிக்கத்தக்க முறையிற் படிப்பிப்போமாக. கையொப்பமிடுமுன் வாசித்தலும், பணங் கொடுத்தவுடன் பற்றுச்சீட்டுப் பெறுதலும் அவர்க்குப் பழக்கமாகட்டும். சட்டம் பயின்ற நம் பழைய மாணாக்கரை மாதத்தில் ஒருநாள் பாடசாலை மண்டபத்திற்கு அழைத்து, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையிலே ஊரவர் குறைகளைக் கேட்கச் செய்வோமாக.

கடனிறுத்தல் அறமென்று போதிப்பவர் நாம். இறுக்க விரும்பியும் நெருக்குண்டு வழிகாணாதார்க்கு வழிகாட்டாதொழியின், அப்போதனை பாதியேயாம்.