தடுத்தவருக்கு என்ன பலன்?

காற்பந்தில் முன்னணி ஆட்டக்காரரின் செயல் கோலாக எண்ணப்படுகிறது. தற்காப்பு ஆட்டக்காரரின் செயலுக்கு அப்படி ஓர் எண்ணிக்கை கிடையாது. அவர் வெற்றி பெற்றால் ஒன்று நடக்காமல் போகிறது, அவ்வளவுதான். நடக்காத ஒன்றை ஒரு செயலின் பலன் என்று சொல்ல முடியுமா? முடியுமென்றால் அது யாரைச் சேரும்? இன்மை என்பது என்ன என்ற கேள்வியை இந்தியத் தத்துவ மரபு கூர்மையாக ஆராய்ந்திருக்கிறது. அம்மரபின் ஒரு பள்ளியான வைசேடிகத்தின் பிற்கால ஆசிரியர்கள் இன்மையையும் பொருள்வகைகளுள் ஏழாவதாகச் சேர்த்தனர். இன்னும் தோன்றாத பொருளின் இன்மை முன்னின்மை எனப்படும். அதற்குத் தொடக்கம் இல்லை. பொருள் தோன்றும் கணத்தில் அது முடிந்துபோகும். விழாத கோல் அத்தகையது. தற்காப்பு ஆட்டக்காரர் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. எந்தக் கணத்திலும் முடிந்துவிடக்கூடிய ஓர் இன்மையைத் தொண்ணூறு நிமிடம் நீடிக்கச் செய்கிறார்.

இத்தாலியின் தற்காப்பு ஆட்டக்காரர் பிராங்கோ பரேசி 1978 முதல் 1997 வரை ஏ.சி. மிலான் என்ற ஒரே கழகத்துக்கு ஆடினார். கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோதும் அவர் விலகவில்லை. 1994 உலகக் கிண்ணத்தில் நார்வேக்கு எதிரான ஆட்டத்தில் முழங்காலில் காயம்பட்டு, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மூன்று வாரம் கடந்ததும் இறுதியாட்டத்துக்குத் திரும்பினார். பிரேசிலின் ரொமாரியோவும் பெபேத்தோவும் 120 நிமிடம் முயன்றும் கோல் விழவில்லை. பினால்டியில் இத்தாலியின் முதல் உதையை எடுத்தவரும் பரேசியே. பந்து கம்பத்துக்கு மேலே போனது. மக்கள் மனத்தில் தங்கியது அந்த ஓர் உதைதான். அதற்கு முந்திய 120 நிமிட உழைப்பை நினைப்பவர் சிலரே.

மலேசியாவில் பலன் இதைவிடக் கடுமையாக மறுக்கப்பட்டது. 1980 ஏப்ரலில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது. வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். சோ சின் ஆன், சந்தோக் சிங் இருவரும் அக்காலத் தற்காப்பின் தூண்கள். அவர்களுக்குப் பின்னால் கோல்காவலர் ஆர். ஆறுமுகம். சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. தகுதி பெற்ற அணி மாஸ்கோவுக்குப் போகவே இல்லை.

இத்தகைய இழப்புக்குக் கீதையின் விடை எல்லாரும் அறிந்தது: செயலில் மட்டுமே உரிமை, பலனில் பற்று வேண்டாம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமம் யாருடைய பெயரைத் தாங்குகிறதோ, அவரே கீதையையும் காற்பந்தையும் சேர்த்துப் பேசியவர். கீதையைப் படிப்பதைவிடக் காற்பந்து ஆடுவது இளைஞரை விண்ணுலகுக்கு அருகே கொண்டுசேர்க்கும் என்ற பொருளில் விவேகானந்தர் 1897இல் சென்னையில் சொன்னார். உடல் வலிமை கூடினால் கீதை இன்னும் நன்றாக விளங்கும் என்பது அவர் வாதம். ஆயினும் பற்றின்மை என்ற விடை பாதிதான். செய்பவரின் மனத்தை அது ஆற்றுகிறது. காக்கப்பட்டவரைப் பற்றிப் பேசுவதில்லை. கோல் விழாததன் பயனைக் கோல்காவலரும் முன்னணியினரும் பார்வையாளரும் அனுபவிக்கின்றனர். ஆகவே தற்காப்பு பலனற்ற செயல் அன்று. பலன் பிறரைச் சேரும் செயல்.

போரைப் பாடும் தமிழ்ப் புறப்பொருள் மரபிலும் தாக்குபவருக்கும் காப்பவருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு தெரிகிறது. மதிலை முற்றுகையிடுவது உழிஞை, மதிலைக் காப்பது நொச்சி. தொல்காப்பியம் நொச்சியைத் தனித் திணையாக வைக்காமல் உழிஞைக்குள் அடக்கியது. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையில் காப்பவருக்குத் தனித் திணை கிடைத்தது.

சைவ சித்தாந்தம் இன்னும் ஆழமாகச் செல்கிறது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலில் காத்தலுக்குத் தனி இடம் உண்டு. நான்காவதான மறைத்தலும் இக்கேள்விக்கு மிக நெருக்கமானது. இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு உயிர் தானே உலகை அனுபவிக்கவும், அதன் அறியாமையாகிய மலம் பக்குவப்படவும் இடம் தருகிறான். சித்தாந்திகள் இதையும் அருளின் ஒரு வடிவமாகவே கொள்வர். தற்காப்பு ஆட்டக்காரர் இளையோர் பயிற்றுநராக மாறும்போது காத்தலிலிருந்து மறைத்தலுக்கு நகர்கிறார். 2002இல் பரேசி மிலானின் இளையோர் அணிக்குப் பயிற்சியளிக்கத் தொடங்கினார். பிறர் பந்தைத் தம் காலால் தடுத்தவர், இனிப் பையன்கள் தடுப்பதைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் கத்திக் கட்டளையிடும் பயிற்றுநர் சிறுவனைத் தவறு செய்ய விடுவதில்லை. தவறு செய்யாத சிறுவன் பக்குவப்படுவதும் இல்லை. ஆனால் ஒப்புமைக்கு எல்லை உண்டு. எந்த உயிர் எப்போது பக்குவப்படும் என்பதை இறைவன் அறிவான், பயிற்றுநர் அறியார். அவர் பொறுமையிழந்து கைவிட்ட சிறுவனுக்கு இன்னொரு பருவம் கிடைக்காமலே போகலாம். ஆகவே தம் தீர்ப்பில் ஐயம் வைத்திருப்பது பயிற்றுநரின் கடமை.

இளையோரை வளர்க்கும் பயிற்றுநர் பணிக்கு மலேசியாவில் சான்றுகள் உண்டு. தற்காப்பில் ஆடியவர் அல்லர் என்றாலும் பயிற்றுநர் கே. ராஜகோபால் மலேசியாவின் 23 வயதுக்குட்பட்டோர் அணியை 2009 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டில் தங்கத்துக்கு அழைத்துச் சென்றார். இருபது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த தங்கம் அது. மறு ஆண்டு தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வென்றபோது, அந்த இளையோருள் பலர் தேசிய அணியில் இருந்தனர். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் அணியிலிருந்து வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி, பி. மணியத்தின் பயிற்சியில் சூப்பர் லீகில் ஆடியது. 2022 பருவத்துக்குப் பின் அக்கழகம் லீகிலிருந்து விலகிக்கொண்டது; அங்கே ஆடியவர்களுள் பலர் வேறு அணிகளுக்குச் சென்று தொடர்ந்து ஆடினர்.