எதற்கு நாணுவது?

நாணம் உயர்ந்த பண்பு. ஆயினும், எதற்கு நாணுவது என்ற தெளிவில்லாதவிடத்து அப்பண்பே தீங்கிற்கு ஏதுவாகிவிடும். வள்ளுவர் ‘நாணுடைமை’ அதிகாரத்தின் தொடக்கத்திலேயே நாணத்தைச் செயலோடு சார்த்திக் கூறுகிறார். தகாதன செய்யக் கூசுவதே நாணம். தானாக வந்து சேர்ந்த நோய் அதனுள் அடங்காது. ஆண்டுதோறும் மாணவருக்கு இதனைக் கற்பிக்கும் நான், என் வீட்டில் இதனை மறந்தேன்.

ஐந்து வயதான என் மகள் சில இரவுகளாக உறங்காது புரண்டாள்; ஆசனவாயைச் சொறிந்து அழுதாள். விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது வெள்ளை நூற்றுண்டுகள் போன்ற சிறு புழுக்கள் நெளிந்தன. கீரிப்பூச்சி! மருந்து எளிதிற் கிடைத்தது. ஆனால், அதனைக் கொடுப்பதிலும் பார்க்க மறைப்பதிலேயே நானும் மனைவியும் கூடிய சிரத்தை காட்டினோம். ‘வாத்தியார் வீட்டிற் சுத்தமில்லை’ என்று அயலவர் பேசுவரே என்ற அச்சம். “ஒருத்தருக்கும் சொல்லாதை” என்று மகளுக்கும் கட்டளையிட்டோம். அவளோடு நாள்தோறும் விளையாடும் பக்கத்து வீட்டுச் சிறுமியின் தாயிடமும் வாய்திறக்கவில்லை.

ஒரு மாதத்துள் நோய் மீண்டது. மீண்டும் மருந்து, மீண்டும் மௌனம். மூன்றாம் முறை என் மனைவி துணிந்து அத்தாயிடம் சொன்னாள். அவர் சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, “எங்கட பிள்ளைக்கும் கனநாளாய் இருக்குது அக்கா. நீங்கள் என்ன நினைப்பியளோ எண்டுதான் சொல்லேல்லை” என்றாராம். இரு வீட்டாரும் தத்தம் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தோம். புழுவோ இரு வீட்டுக்குமிடையே தடையின்றிப் போய்வந்துகொண்டிருந்தது.

இப்புழுவின் இயல்பை அறிந்தால் நம் வெட்கத்தின் பேதைமை விளங்கும். பெண்புழு இரவிலே குடலினின்றும் வெளிவந்து ஆசனவாயைச் சூழ ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். சில மணி நேரத்துள் அவை தொற்றும் வலிமை பெறும். சொறிந்த விரலின் நகக்கண்ணிலும், படுக்கையிலும், விளையாட்டுப் பொருளிலும் தங்கி, இரண்டு மூன்று வாரம்வரை அழியாதிருக்கும். நாள்தோறும் குளிக்கும் பிள்ளையும் அவற்றைத் தொட்ட விரலை வாயில் வைத்தாற் போதும். இனிப்பு உண்பதால் இது தோன்றுவதில்லை. நாய் பூனை மீது பழிபோடவும் இடமில்லை. செல்வம் மிக்க அமெரிக்காவிலும் மிகப் பரவலான புழுநோய் இதுவே. அந்நாட்டின் யூட்டா மாநிலத்துக் குகையொன்றிற் கிடைத்த, ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழைமையான மனித மலத்திலும் இதன் முட்டைகள் காணப்பட்டுள்ளன. மனித இனத்தை இத்துணைக் காலம் தொடர்ந்து வந்த ஒன்று, ஒரு தாயின் கவனக்குறைவுக்கு எங்ஙனம் சான்றாகும்?

அவ்வாறாயின் நாம் ஏன் கூசினோம்? ‘சுத்தம்’ என்ற சொல் நம்மிடையே உடல்நலத்தை மட்டும் குறிப்பதன்று. மனிதரைச் சுத்தமானவர், அசுத்தமானவர் எனப் பிரித்துவைத்த நெடுங்கால வழக்கத்தின் கறையும் அதிற் படிந்துள்ளது. பூச்சி என்பது ‘அவர்கள்’ பிள்ளைகளுக்கு வருவது என்ற எண்ணம் படித்த என் உள்ளத்தின் மூலையிலும் ஒளிந்திருந்தது. உண்மையில் நாணத்தக்கது அவ்வெண்ணமே.

சுத்தம் வேண்டாமா என்று சிலர் வினவலாம். வேண்டும். நகம் வெட்டுதல், சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், காலையிற் குளித்தல், உள்ளாடையையும் படுக்கைத் துணியையும் துவைத்தல் யாவும் இன்றியமையாதன. எனினும் அவை மட்டும் போதா. மருந்து புழுவைக் கொல்லுமேயன்றி முட்டையை அழிக்காது. ஆதலால் வைத்தியரின் ஆலோசனைப்படி வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் மருந்துண்டு, இரண்டு வாரத்தின் பின் மறுபடியும் உண்ணவேண்டும். கூடி விளையாடும் பிள்ளைகளின் பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும். பலர் சேர்ந்து செய்யவேண்டிய வைத்தியத்தை இரகசியமாகச் செய்வது எப்படி?

இவற்றிலும் பெரிய தீங்கு பிள்ளையின் உள்ளத்தில் நேர்வது. ‘ஒருத்தருக்கும் சொல்லாதை’ என்ற சொல்லால், தன் உடலில் நேர்வது இழிவானது, மறைக்கத்தக்கது என்று அக்குழந்தை கற்கிறது. இன்று பூச்சியை மறைக்கப் பழகிய பிள்ளை, நாளை இதனினும் கொடிய துன்பமொன்று நேரின் அதனை யாரிடம் சொல்லும்?

இப்பொழுது இரு வீட்டுப் பிள்ளைகளும் நலமாயுள்ளனர். நான் சொன்னது பிழையென்று மகளிடம் ஒப்புக்கொண்டேன். அவள் அதனைப் பெரிதாக எண்ணவில்லை, விளையாட ஓடிவிட்டாள். புழுவுக்காக இன்று நான் நாணவில்லை. அயற்பிள்ளையும் நோவாள் என்று அறிந்தும் வாய்மூடியிருந்தேனே, அந்நாட்களை எண்ணியே நாணுகிறேன்.