கிளிக்கு மட்டும் இரங்குதல்

பிரிக்பீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் நடைபாதையில் ஒரு கிளி ஜோசியர் உட்கார்ந்திருப்பார். கிள்ளானிலிருந்து கொம்யூட்டரில் வந்து கே.எல். சென்ட்ரலில் இறங்கினால், வேலைக்கு அந்தக் கூண்டைத் தாண்டித்தான் போகணும். ஒருநாள் கேட்டே விட்டேன்: "அண்ணே, இந்தியாவுல இந்தக் கிளியை வளர்க்கிறதே குத்தம். 1972லயே சட்டம் வந்துருச்சு, தெரியுமா?"

"இது இந்தியா இல்ல தம்பி. உக்காருங்க, ஒரு சீட்டு எடுக்கச் சொல்றேன்."

கோபத்தோடு நடந்தேன். அன்று மாலை கிள்ளானில் அம்மாவின் முட்டி வலிக்கு வழக்கம்போல் சுறா ஈரல் எண்ணெய் மாத்திரை வாங்கினேன். புட்டியில் இருந்த 'ஸ்குவாலீன்' என்ற சொல்லை அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன்.

அது அதிகம் கிடைப்பது கல்பர் போன்ற ஆழ்கடல் சுறாக்களின் ஈரலில். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. பல நூறு மீட்டர் ஆழத்தில் அது அமிழ்ந்துவிடாமல் இருப்பதே இந்த எண்ணெயால்தான். எஞ்சினியர் புத்திக்கு எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் கல்பரின் சூல்காலம் ஏறக்குறைய 2 ஆண்டு, ஈனுவதோ சில குட்டிகள். பிடிக்கிற வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாது. இன்று அது அழியும் ஆபத்தில் இருக்கிறது. கூண்டிலிருந்த செந்தார்ப் பைங்கிளியின் இனமோ லண்டன் பூங்காக்கள்வரை பெருகிக் கிடக்கிறது.

அதற்காக என் பரிதாபம் பொய் என்று சொல்ல மாட்டேன். லண்டனில் ஆயிரம் கிளி பறந்தால் கூண்டுக்குள் இருப்பதற்கு என்ன ஆறுதல்? என் சங்கடம் வேறு. கிளி பேசும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், ஆண்டாள் கையில் இருக்கும். கல்பருக்கும் பெரிய பச்சைக் கண்கள் உண்டு, ஆனால் அவை நம்மைப் பார்ப்பதில்லை. பேகன் போர்வை கொடுத்ததுகூடக் கண்முன் நின்ற மயிலுக்குத்தான். கண்ணிலேயே படாத ஒன்றுக்கு நாம் கடன்பட முடியுமா?

முடியும் என்றுதான் நினைக்கிறேன். மயிலைக் குளிரில் நிறுத்தியது பேகன் இல்லை. சுறா விஷயத்தில் என் கண் போகாத இடத்துக்கு என் கை போய்விட்டது.

போன வாரம் புட்டி காலி. "வாங்கலையாடா?" என்று அம்மா கேட்டார். "கடையில ஸ்டாக் இல்லம்மா" என்றேன். நேற்று ராத்திரி மாடிப்படியில் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினார். நான் அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.